வாய் தெரிகிற தூரம்

கீழ் வீட்டு டிவி ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செத்துப்போனது. படம் மேலும் கீழும் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைக் கோடாக நின்றது. பிறகு அதுவும் அணைந்துவிட்டது. பின்பக்கம் ஒரு ஆளே உள்ளே உட்காரலாம் போல் பெருத்த பழைய பெட்டி அது. மெக்கானிக் வந்து முதுகைக் கழற்றிப் பார்த்தார். இதற்கான சாமான் இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது, கிடைத்தாலும் பிரயோஜனமில்லை, பழைய ஒளிபரப்பையே நிறுத்தப்போகிறார்கள், டிஜிட்டலாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, ஸ்குரூவைக்கூடப் பாதிதான் மாட்டிவிட்டுப் போனார்.

வேறு வீடாக இருந்தால் அந்த வாரக் கடைசியிலேயே புதுசு வந்து இறங்கியிருக்கும். ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு எங்கள் கட்டடத்தில் அடுத்த மாடல் என்று பெயர். எதையும் வாங்க மாட்டார் என்றில்லை. போவார், விசாரிப்பார், எல்லாம் படிந்து வரும் நேரத்தில் அடுத்த மாடல் வரட்டும் என்று திரும்பிவிடுவார். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் அப்படி மூன்று வருஷம் தள்ளிப்போனது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக ஒரு கேசட் பிளேயர் வாங்கினார். ஆறு மாசத்தில் ஊரெல்லாம் சி.டி. வந்துவிட்டது. அந்தச் சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

நான் மாடி வீட்டுக்காரன். ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறேன். விடிவதற்குள் கிளம்பினால் பகல் பன்னிரண்டுக்குள் எல்லாக் கடைக்கும் போட்டு முடித்துவிடுவேன். அதற்கப்புறம் அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க நேரம் தாராளமாக இருக்கும். அந்த மாசம் முழுக்க என் மூக்கு கீழ் வீட்டில்தான் இருந்தது.

அடுத்த மாடலுக்கு பாட்டில் கம்பெனியில் பரிசோதகர் வேலை. வெள்ளை வெளிச்சம் போட்ட ஒரு திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். திரைக்கும் கண்ணுக்கும் நடுவில் காலி பாட்டில்கள் பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். கீறலோ, குமிழோ, மயிரிழை விரிசலோ கண்ணில் பட்ட கணமே அந்த பாட்டிலைத் தட்டிவிட வேண்டும். அரைமணி திரை, அரைமணி வேறு வேலை. அதற்கு மேல் உட்கார்ந்தால் கண் பொய் சொல்லும் என்பது அங்கே சட்டம். பதினெட்டு வருஷம் இப்படிக் குற்றம் பார்த்தே பழகியவருக்கு வீட்டிலும் கண் சும்மா இருக்காது. சட்டைத் தையல், கதவுக் கீல், தோசைக்கல் எல்லாவற்றிலும் ஒரு குமிழ் கண்டுபிடிப்பார். "என்னை மட்டும் எப்படி பாஸ் பண்ணாருன்னே தெரியலண்ணே" என்பார் அவர் மனைவி. அந்த அம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர்.

மூன்றாவது ஆள் அக்கா. அடுத்த மாடலின் சொந்த அக்கா, ஐம்பது வயது. பதினோரு வயதில் வந்த காய்ச்சல் அவருடைய காதுகளைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு அதற்கு முன்பே வந்துவிட்டதால் நன்றாகப் பேசுவார். குரல் மட்டும் ஏற்ற இறக்கமில்லாமல் கொஞ்சம் உச்சத்தில் நிற்கும். நாம் பேசுவதை வாயைப் பார்த்தே பிடித்துவிடுவார். முன்னறையில் தையல் மெஷின் போட்டு யூனிஃபார்ம் கடைக்குப் பட்டன் ஓட்டை அடித்துக் கொடுப்பது அவர் தொழில். மெஷினில் ஊசி மழுங்கினாலும் பாபினில் நூல் சிக்கினாலும், மேசையில் கையை வைத்தே சொல்லிவிடுவார்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்காருவார். சத்தம் பூஜ்யத்தில் இருக்கும். செய்தி வாசிக்கிறவர்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார். ஒருத்தி பளிச்சி. ஒரு சொல்கூடத் தப்பாதாம். ஒருவர் மீசை. அவர் வாசிக்கிற நாளில் பாதிச் செய்தி மீசைக்குள்ளேயே போய்விடுகிறது என்று குறைப்பட்டுக்கொள்வார். அப்புறம் சாப்பாட்டு மேசையில் அன்றைய செய்தியை அக்கா சொல்வார். எங்கே பாலம் உடைந்தது, எந்த மந்திரி என்ன உளறினார், நாளைக்கு மழை உண்டா. நடுநடுவே தன் கருத்தையும் சேர்த்துக்கொள்வார். அந்தக் கால் மணி நேரம் தம்பியும் தம்பி மனைவியும் அவர் முகத்தையே பார்த்திருப்பார்கள், கேள்வி கேட்பார்கள், சண்டைகூடப் போடுவார்கள்.

டிவி போனதும் அந்தக் கால் மணி நேரமும் போய்விட்டது. இது எனக்கு அப்போது புரியவில்லை. அவர்களுக்கும் புரியவில்லை. சொல்ல அக்காவிடம் செய்தி இல்லை, அதனால் அவர் பக்கம் திரும்ப யாருக்கும் வேலை இல்லை. கணவனும் மனைவியும் தட்டைப் பார்த்துக்கொண்டு வேகமாகப் பேசுவார்கள், சிரிப்பார்கள். என்ன என்று அக்கா கேட்டால், ஒன்னுமில்ல என்று கையை ஆட்டுவார்கள். கெட்டவர்கள் இல்லை. அலுப்பு, அவசரம்.

அடுத்த மாடல் அதற்குள் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கியிருந்தார். ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி வாசலில் என் வேனுக்குக் காத்திருப்பார். ரொட்டி வாசனையோடு முன்சீட்டில் ஏறி, மடியில் ஒரு கத்தை விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டே வருவார். ஒரு சிக்னலில் சும்மா உட்கார மாட்டார். கண்ணாடியை இறக்குவார், ஏற்றுவார், மறுபடி இறக்குவார். பார்க்கிற எனக்கே ஸ்டியரிங்கில் கை நிலைக்காது. அடுத்த வருஷம் ஹெச்.டி. ஒளிபரப்பு வரப்போகிறது என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்த செய்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"அண்ணே, இப்ப விக்கிற டிஜிட்டல் டிவில அந்த ஹெச்.டி. நேரா வராதாம். தனியா ஒரு பாக்ஸ் வாங்கி மாட்டணுமாம்."

"மாட்டிட்டாப் போச்சு."

"அதெப்படிண்ணே? ஒழுகும்னு தெரிஞ்சே யாராவது கூரை போடுவாங்களா?"

"எங்கப்பா ஒழுகுது? இன்னைக்குத் தெரியற படம் அன்னைக்கும் தெரியும். அதவிட நல்லதா ஒன்னு வருது. வேணுங்கறவன் பாத்துக்கறான்."

"உங்களுக்கு அது படம். எங்கக்காவுக்கு அதுதான் காது" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பல்லு, நாக்கு நுனி எல்லாம் துல்லியமா தெரியணும். ஹெச்.டி.ல தெரியுமாம். இப்ப அவசரப்பட்டு ஒன்ன வாங்கிப் போட்டுட்டு, ஆறு மாசம் கழிச்சு அய்யோன்னு நிக்கக் கூடாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். வெறும் கஞ்சத்தனம் என்றால் திட்டிவிட்டுப் போகலாம்.

மூன்று வாரம் ஓடியது. ஆறு கடை பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு கடையிலும் டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, மூலை மூலையாக, ஓடுகிற பாட்டிலைப் பார்ப்பது போலப் பார்ப்பார். இதில் ஓரம் மங்கல், அதில் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது, இன்னொன்றில் வேகமாகத் தலையைத் திருப்பினால் நிழல் ஓடுகிறது. எல்லாவற்றையும் தட்டிவிட்டார். யாருக்காக வாங்கப் போகிறாரோ அந்த அக்காவை ஒரு கடைக்கும் கூட்டிப் போகவில்லை. எனக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

விற்காமல் திரும்பிய ரொட்டியில் ஒன்றிரண்டை நான் மத்தியானம் அக்காவிடம் கொடுப்பது வழக்கம். ஒரு வியாழக்கிழமை போனபோது மெஷின் ஓடவில்லை. துணியெல்லாம் மடித்துக் கட்டி ஓரமாக வைத்திருந்தது. நான் பாதி முகம் மறையத் தோளில் ரொட்டி ட்ரேயோடு நின்றபடி, என்னக்கா லீவா என்று கேட்டேன்.

"ட்ரேயை இறக்கிட்டுப் பேசு தம்பி. வருஷக்கணக்கா நான் ட்ரேகிட்டதான் பேசிட்டிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. ட்ரேயை இறக்கிக் கீழே வைத்தேன். மெஷின் தட்டுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரத்து ஊரில் ஒரு தையல் கூடம். நாற்பது பெண்கள், யாருக்கும் காது கேட்காது. மேற்பார்வை பார்க்கிற அம்மாவே கையால்தான் பேசுவாராம். பக்கத்திலேயே விடுதி. முன்பு அக்காவோடு வேலை பார்த்த ஒருத்தி அங்கே இருக்கிறாள், அவள் சொல்லி வந்த கடிதம். ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதற்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

அன்றைக்கே வீட்டில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அடுத்த மாடல் ஒரு இடத்தில் உட்காரவில்லை. மாடியிலிருந்து எனக்குக் கேட்கும், முன்னறைக்கும் சமையலறைக்கும் செருப்புச் சத்தம் போய்ப் போய் வரும். டிவி இல்லாததால்தான் அக்கா போகிறது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். நல்ல டிவி ஒன்று வந்துவிட்டால் கடிதம் குப்பைக்குப் போய்விடும். ஆனால் நல்லது அடுத்த வருஷம்தான் வரும். ஒன்பது நாளுக்குள் அடுத்த வருஷத்தை எப்படி வரவழைப்பது என்பதுதான் அவர் தவிப்பு. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், மறுநாளே அவர் மூன்று பாட்டிலைக் கோட்டைவிட்டார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

மனைவிதான் கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை மத்தியானம் என் வேனில் நாலு பேரும் கிளம்பினோம். அக்கா முன்சீட்டில். அவர்கள் இருவரும் பின்னால், காலி ட்ரேக்களுக்கு நடுவில்.

பெரிய கடை. சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே பட்டாம்பூச்சி. இறக்கையில் தூள்கூடத் தெரிந்தது. பனித்துளி உருண்டது, கிளி கண்ணைச் சிமிட்டியது. அடுத்த மாடல் இருப்பதிலேயே பெரிய டிவி முன்னால் போய் நின்று, பாருங்க, பாருங்க, இதுதான் ஹெச்.டி. என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா பட்டாம்பூச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விற்பனைப் பெண்ணிடம் போனார்.

"இது கடைக்காரங்க போடற படம். நான் வீட்ல பட்டாம்பூச்சியா பாக்கப் போறேன்? இப்ப ஓடற சேனல் போடும்மா. யாராவது பேசறது வேணும்."

அந்தப் பெண் தயங்கினாள். எல்லா டிவிக்கும் ஒரே டிஸ்கிலிருந்துதான் படம் போகிறது, சேனல் போட்டால் மேலாளர் திட்டுவார் என்றாள். அக்கா நகரவில்லை. அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஆண்டெனா வயரை ஒரு மூலையிலிருந்து இழுத்து வந்து பெரிய டிவியில் சொருகினாள். யாரோ ஒரு டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். முகம் பெரிதாக வந்தது, ஆனால் வேகமாகப் பேசும்போது வாயைச் சுற்றிக் கட்டம் கட்டமாக உடைந்தது. அக்கா தலையை ஆட்டினார். வயரைக் கழற்றி அடுத்ததில், அதற்கடுத்ததில். கடைசியில் கீழ் வரிசையில் இருந்த சின்ன டிவி. இரண்டு முழத் தூரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"வெந்நீர் நெறைய குடிக்கச் சொல்றாரு. உப்பைக் குறைக்கச் சொல்றாரு. இது போதும்."

ஹெச்.டி. வந்தால் இது என்ன ஆகும் என்று அடுத்த மாடல் விற்பனைப் பெண்ணைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகாது சார், சாதா ஒளிபரப்பு பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும், வேண்டுமானால் அப்போது பாக்ஸ் போட்டுக்கொள்ளலாம், இத்தனை சின்னத் திரையில் வித்தியாசமே தெரியாது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. திரும்பிப் பெரிய டிவியைப் பார்த்துக்கொண்டே பேசினார். இன்னும் ஒரே ஒரு வருஷம் பொறுத்தால் போதும், இத்தனை பெரிய திரையில் பல் பல்லாகத் தெரியும், அக்கா ஏன் இப்படி அவசரப்படுகிறது, கடிதத்தை எழுதித் தள்ளிப்போடச் சொல்லுங்கள். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. பட்டாம்பூச்சியிடம்தான் சொன்னார்.

அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். ஊசிக்கு அடியில் துணியைத் திருப்புவது போல், இரண்டு விரலால் தம்பியின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"இங்க பாத்துச் சொல்லுடா."

அவர் கண் மறுபடி பெரிய டிவி பக்கம் ஓடியது. அக்கா தாடையை விடவில்லை.

"டிவில பேசறவங்க வாய் எனக்கு அந்தப் பழைய பெட்டியிலயே தெரிஞ்சுது. உன் வாய்தான் தெரியல. ஒரே வீட்ல இருக்க. சாப்பிடும்போது தட்டைப் பாத்துப் பேசற, போகும்போது கதவைப் பாத்துப் பேசற. நான் நியூஸ் சொன்னாதான் என்னைப் பாக்கற. அதுக்கு எந்த டிவிடா வாங்குவ?"

உச்சத்தில் நிற்கிற அந்தக் குரல் கடை முழுக்கக் கேட்டது. விற்பனைப் பெண் வயரைச் சுருட்டுவது போல் குனிந்துகொண்டாள். அவர் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். எனக்கு ட்ரே ஞாபகம் வந்தது. அடுத்த மாடல் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நின்றார். மயிரிழை விரிசலைக்கூட விடாத கண், சொந்த வீட்டில் என்னத்தைப் பார்த்தது என்று எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சின்ன டிவியையே வாங்கினோம். அவர் அதை ஒரு தடவைகூடத் தட்டிப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்த நாளெல்லாம் ஆறரைக்கு டிவி ஓடியது, எட்டு மணிக்கு அக்கா செய்தி சொன்னார். அடுத்த மாடல் அக்காவுக்கு நேர் எதிர் நாற்காலிக்கு மாறிக்கொண்டார். வாயில் சோறு இருக்கும்போது பேசுவதில்லை. ஒவ்வொரு சொல்லையும் பாட்டில் எடுத்து வைப்பது போல் வைத்தார். அப்படிப் பேசினால் இன்னும் புரியாதுடா, சாதாரணமா பேசு என்று அக்கா சிரித்தார். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு நான் கேட்டதில்லை. போகவில்லை என்று அக்கா சொல்லிவிடுவார் என்று நாங்கள் மூன்று பேரும் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தோம். அவரோ ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் தன் கத்தரிக்கோலைச் சாணை பிடித்து வாங்கிவந்து பெட்டியில் வைத்தார்.

டிவியை எடுத்துப் போகச் சொன்னபோது, அங்க கூடத்துல ஒன்னு இருக்கு, இது இங்கயே இருக்கட்டும் என்றுவிட்டார்.

பஸ் குளிர்சாதன பஸ். ஜன்னல் திறக்காது. அக்கா உட்கார்ந்து, கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். பக்கத்து ஜன்னல்களில் ஆளாளுக்கு வெளியிலிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள், உள்ளே இருந்தவர்கள் என்ன, என்ன என்று காதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாடல் கத்தவில்லை. கண்ணாடிக்கு நேராகப் போய் நின்று, குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தார். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு என்றார். அக்கா தலையாட்டினார். மாத்திரையை மறக்காதே என்றார். அதற்கும் தலையாட்டினார். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அப்போது அவர் இன்னும் ஒரு சொல் சொன்னார். அது எனக்கே புரிந்தது.

"போகாதக்கா."

அக்கா அவரையே பார்த்தார். பிறகு பேசினார். ஒரு சொல் இரண்டு சொல் இல்லை, நாலைந்து வாக்கியம் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய் தெளிவாகத் தெரிந்தது. பல் தெரிந்தது, நாக்கு நுனி தெரிந்தது. குரல்தான் வரவில்லை. பஸ் திரும்பிப் போய்விட்டது.

"அக்கா என்னண்ணே சொல்லுச்சு?"

"எனக்குத் தெரியலப்பா."

மனைவியைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. நாற்பது வருஷமாக அந்த வாய் நம் வாயைப் படித்துக்கொண்டிருக்கிறது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அதில் ஒரு சொல்லைப் படிக்க முடியாமல் பஸ் புகைக்கு நடுவில் நின்றோம்.

மெசேஜ் போட்டுக் கேட்டுவிடுங்களேன் என்று வேனில் வரும்போது மனைவி சொன்னார். அவர் ஜன்னலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. பின்னால் திரும்பி, மனைவி முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வேணாம். லீவுல வரும்போது மறுபடி சொல்லச் சொல்றேன். சத்தமில்லாம. நான் பாத்துப் புரிஞ்சுக்கறேன்."

அன்று சாயங்காலம் ரொட்டி கொடுக்கக் கீழே இறங்கினேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் பூஜ்யத்தில். இரண்டு முழத் தூரத்தில் அக்காவின் ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருந்தார். கால் ஆடவில்லை. அரைமணிக்கு மேல் ஆச்சு, எழுந்திருங்க, கண்ணு கெட்டுப்போகும் என்றார் சமையலறையிலிருந்து மனைவி. அவர் அசையவில்லை. திரையில் மீசைக்காரர் மும்முரமாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் ட்ரேயைக் கீழே வைத்தேன். அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பி, என் கண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"ஏண்ணே, இந்தாளு மீசைய எடுத்துட்டா என்ன?"